சித்திரைப் புழுக்கமும் பின்னேர இடிமழையும்

பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தப்படும் இடைக்காலத்தில், பங்குனி நடுப்பகுதி முதல் சித்திரை இறுதிவரை, உலர் வலயத்துக் கமக்காரர் ஆண்டுதோறும் ஒரே வகையான வானிலையைச் சந்திக்கின்றனர். காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகலில் வெயில் சுடும், காற்று அசையாது, உடலில் வியர்வை வடிந்தும் உலராது. பின்னேரத்தில் ஓர் ஊரில் இடியுடன் பெருமழை கொட்டும். அடுத்த ஊரில் ஒரு துளியும் விழாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையும் இக்காலத்தில், பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றே கூறும்.

“பெய்யக்கூடும்” என்னும் சொல்லைக் கேட்டுச் சிலர் வேலையை முழுவதும் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் நேற்றுப் பெய்யாத மழை இன்றும் பெய்யாதென எண்ணி, முளைநெல்லையும் பசளையையும் காய விரித்த விளைபொருளையும் ஒரு மணி நேர மழையில் இழக்கின்றனர். இடிமழை எந்த வயலில் விழும் என்பதை முற்பகலிலேயே திட்டமாகக் கூறுதல் இயலாது. ஆதலின், மழை வந்தாலும் வராவிட்டாலும் நட்டம் தராத வகையில் வேலைகளை ஒழுங்கு செய்தலே இவ்வாரங்களில் கமக்காரர் கைக்கொள்ளத்தக்க வழியாகும். அவ்வொழுங்கும் அதற்கான காரணங்களும் கீழே விளக்கப்படுகின்றன.

புழுக்கம் ஏற்படுங் காரணம்

இக்காலத்தில் வாடைக்காற்று ஓய்ந்துவிடும். சோளகம் இன்னும் எழுந்திராது. இரண்டு பருவப் பெயர்ச்சிக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட இவ்வேளையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகின்றது. ஏப்பிரல் 5 ஆந் திகதியளவில் தெற்கே தெய்வேந்திரமுனைக்கும், 15 ஆந் திகதியளவில் வடக்கே பருத்தித்துறைக்கும் அது உச்சியில் நிற்கும். நிலம் மிகவும் சூடேறுகின்றது. சுற்றிலுமுள்ள கடலிலிருந்து எழும் நீராவியைக் கொண்டு செல்ல வலிய காற்று இல்லாமையால் அது நிலத்தின் மேலேயே தங்குகின்றது.

சூடான வளி அதிக நீராவியைத் தாங்கவல்லது. 20 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியையே தாங்கும். 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் தாங்கும். வளியில் நீராவி மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாதல் தாமதப்படும், உடல் குளிர்ச்சியடையாது. நிழலில் வெப்பநிலை 32 பாகையாகவும் ஈரப்பதன் 70 வீதமாகவும் இருப்பின், அது மனித உடலுக்கு ஏறத்தாழ 41 பாகை வெப்பம்போலத் தாக்கும். வெப்பமானியின் அளவு கடந்த கிழமை இருந்ததுபோலவே இருப்பினும் வேலை செய்வோர் விரைவிற் களைப்படைவது இதனாலேயாகும்.

பயிரும் இவ்வாறே துன்புறுகின்றது. இலைகள் நீரை ஆவியாக வெளிவிட்டே தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. புழுக்கம் மிகுந்த நாளில் அது தடைப்படும். இரவில் இலைகள் மீது படியும் ஈரமும் காலையில் நெடுநேரம் உலராது. நோய்க்கிருமிகள் முளைப்பதற்கு அவ்வீரமே போதுமானது.

இடிமுகில் திரளும் விதம்

முற்பகலில் நிலத்தால் சூடாக்கப்பட்ட ஈரவளி மேலெழுகின்றது. கடற்கரையிலிருந்து உள்நோக்கி வரும் கடற்காற்று அதனை மேலும் உயர்த்தித் தள்ளுகின்றது. மேலெழும் வளி ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிர்ந்து, ஓர் உயரத்தில் நீராவியைத் துளிகளாக்கி முகிலாகின்றது. அவ்வாறு ஒடுங்கும் நீராவி தன் மறைவெப்பத்தை வெளிவிடுவதால் முகில் மேலும் வேகமாக வளர்கின்றது. அதன் உச்சி 15 கிலோமீற்றர் வரையும் உயரக்கூடும். ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே பனிப் பளிங்குகளும் ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகையில் மின்னேற்றம் பிரிகின்றது. அதுவே மின்னலாக இறங்குகின்றது.

இம்மாற்றத்தைக் கமக்காரர் கண்ணாற் காணலாம். முற்பகல் 11 மணியளவில் வெள்ளை முகில்கள் அடி தட்டையாகவும் தலை பூக்கோசு போலத் திரண்டும் உயருமாயின் கவனம் வேண்டும். நண்பகல் கடந்ததும் அம்முகிலின் அடி கறுத்து, உச்சி பட்டடைபோல விரிந்து பரவுமாயின் இடிமழை அண்மையிலுள்ளது. புழுக்கத்தின் நடுவே திடீரெனக் குளிர்ந்த காற்று வீசின், மழை சில நிமிடங்களில் வந்துவிடும் என அறிதல் வேண்டும்.

நாளைப் பங்கிடுதல்

விடியற்காலை தொடக்கம் முற்பகல் 10 மணிவரை வயலிலும் தோட்டத்திலும் கடினமான வேலைகளை முடித்துக்கொள்ளல் வேண்டும். 10 மணி தொடக்கம் நண்பகல்வரை இலகுவான வேலைகளைச் செய்யலாம். நண்பகலில் வானத்தைப் பார்த்து அன்றைய பின்னேரத்துக்கு ஆயத்தஞ் செய்தல் வேண்டும். காய விரித்தவற்றை ஒதுக்குதல், நாற்றுமேடைகளை மூடுதல், வரம்புகளிலும் வடிகான்களிலும் அடைப்புகளைச் சரிபார்த்தல், மாடுகளைத் தனிமரத்தடியிலிருந்து அவிழ்த்தல் என்பன அவ்வேளைக்குரியன. 2 மணிக்குப் பின்னர் வெளி நிலத்தில் தொடங்கும் எவ்வேலையும் இடையில் நிறுத்தத்தக்கதாக இருத்தல் வேண்டும். மழை வராவிடின், வெயில் தணிந்தபின் நீர் பாய்ச்சலும் களை எடுத்தலும் நடைபெறலாம்.

சிறுபோக வயல்

இடிமழை நெல் வயலுக்கு ஒரு வேளையில் நன்மையும் மற்றொரு வேளையில் தீமையும் செய்வது. எவ்வேளையில் என்பதை அறிந்தவர் அதனைப் பயன்படுத்துவர்.

விதைப்புக்கு முன்னர் விழும் மழை முழுவதும் இலாபமே. இரணைமடு, கந்தளாய், உன்னிச்சை முதலிய குளங்களின் கீழ்ச் செய்கை பண்ணுவோர் அதனை வரம்புக்குள் தேக்கி முதல் உழவை முடிப்பின், குளத்து நீர் பயிரின் பிற்பகுதிக்கு மீதமாகும். ஆதலின், உழவுக்கு முன்பே வரம்புகளின் நண்டு வளைகளையும் எலி வளைகளையும் அடைத்துவிடல் வேண்டும்.

விதைத்த முதல் வாரத்தில் அதே மழை தீங்காகும். சேற்றில் வீசிய முளைநெல்லைப் பெருந்துளிகள் ஓரிடத்தில் ஒதுக்கிவிடும். பள்ளங்களில் தேங்கிய நீர் மறுநாள் வெயிலில் சூடேறி முளையை அழுகச் செய்யும். நிலத்தைச் சமமாக மட்டப்படுத்தி, வயலின் ஊடாகவும் வரம்போரமாகவும் சிறு வடிகான்கள் வெட்டிய பின்னரே விதைத்தல் வேண்டும். மழை விட்டவுடன் நீரை வடிக்கவும் வேண்டும்.

இங்கு ஒரு செய்தி முக்கியமானது. நெல்லை நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, பின் ஒன்று முதல் இரண்டு நாள் முளைகட்டவிடுவது வழக்கம். முளைகட்டிய நெல் காத்திராது. மழையின் பொருட்டு விதைப்பை இரண்டு நாள் தள்ளினால் வேர் நீண்டு பின்னிவிடும். ஆகவே, தொடர்ந்து கடுமழை எதிர்பார்க்கப்படுமாயின், விதைநெல்லை நீரில் இடுதலையே தாமதப்படுத்தல் வேண்டும். முளைகட்டியபின் காலையில் விதைத்து வடிகானைத் திறந்து விடுதலே வழி.

நாற்று நன்கு வேரூன்றிய பின்னர் மழை மீண்டும் நன்மையாகின்றது. எனினும் காற்றுடன் கூடிய மழை இலைகளைக் கிழிப்பதால், அக்காயங்களின் வழியே பற்றீரியா புகுந்து இலை நுனியிலிருந்து ஓரங்களை வெளிறிக் காயச்செய்யும் நோய் பரவக்கூடும். நோய் கண்ட பாத்தியில் நடந்துவிட்டு ஈரம் உலருமுன் நல்ல பாத்திக்குள் இறங்கலாகாது. அப்பாத்தியின் நீரை அடுத்த பாத்திக்குப் பாய்ச்சலும் ஆகாது. நோய் தணியும்வரை யூரியா இடுதலை நிறுத்தல் வேண்டும்.

பிந்தி விதைத்த பயிர் இக்காலத்திற் பூக்குமாயின் வேறு கவனம் தேவை. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில், ஏறத்தாழ ஒரு மணி நேரமே திறந்திருக்கும். அவ்வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் மகரந்தம் வலுவிழந்து பதர் மிகும். புழுக்கம் மிகுந்த நாளில் கதிர் குளிர்ச்சியடையாமையால் இத்தீங்கு மேலும் கூடும். பூக்கும் நாட்களில் வயலில் 5 சதமமீற்றர் அளவு நீரை நிறுத்தி வைத்தலும், முற்பகலில் மருந்து தெளியாதிருத்தலும் இழப்பைக் குறைக்கும்.

தோட்டப் பயிர்கள்

இவ்வாரங்களில் தோட்டக்காரர் பலர் செய்யும் தவறு, வாடிய பயிரைக் கண்டவுடன் நீர் இறைப்பதாகும். நண்பகலில் கத்தரியும் பூசணியும் இலை தொய்ந்து நிற்பது எப்போதும் தாகத்தின் அறிகுறியன்று. வேர் உறிஞ்சும் நீரிலும் இலை இழக்கும் நீர் சிறிது கூடியவிடத்து அவை தொய்யும். மாலையில் தாமே நிமிரும். ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்த்தல் வேண்டும். மண் உருண்டையாக நிற்குமாயின் நீர் போதுமானது. மறுநாள் காலையிலும் பயிர் வாடியே நின்று, மண்ணும் உதிருமாயின் நீர் பாய்ச்சல் வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் காலையிற் செடி வாடி நிற்குமாயின் நோயென ஐயுற வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைப் பற்றீரியா வாடல் நோய் சூடான ஈரமண்ணிலேயே விரைந்து தாக்கும். ஐயத்தைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை நீரில் அமிழுமாறு தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தல் வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்போன்ற வெண்ணிழைகள் இறங்குமாயின் அது பற்றீரியா வாடலே. அச்செடியை வேர்மண்ணுடன் அகற்றித் தோட்டத்துக்கு வெளியே அழித்தல் வேண்டும். நீர் பாய்ச்சினால் வாய்க்கால் வழியே நோய் அடுத்த வரிசைக்குச் செல்லும்.

பூவுதிர்தல் இக்காலத்து மற்றொரு கவலை. பகல் வெப்பம் 32 பாகையைக் கடந்து, இரவிலும் தணியாது நிற்குமாயின் தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்க்கும். இதனைக் கண்டு மேலதிக யூரியா இடுவதால் இலையே பெருகும், பூ தங்காது. வரிசைகளுக்கிடையே வைக்கோலையோ உலர்ந்த இலைகளையோ பரப்பி மண்ணைக் குளிர்வித்தலும், சிறிது சிறிதாக ஒழுங்காக நீர் பாய்ச்சலும் பயன்தரும். வெப்பம் தணிந்ததும் செடி மீண்டும் பூத்துக் காய்க்கும்.

நாற்றுமேடைகள் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்திருத்தல் வேண்டும். கடுமழையில் அவற்றைக் கிடுகினால் மூடி, மழை விட்டதும் உடனே திறந்துவிடல் வேண்டும். மூடியபடியே இரவு முழுவதும் விடின், புழுக்கத்தால் நாற்றின் அடி அழுகிச் சாயும். வெண்காயப் பாத்திகளில் மழைக்குப் பின் நீர் தேங்குமாயின் இலை முறுகிச் சுருளும் நோய் தோன்றக்கூடும். ஆதலால் வடிகாலைத் திறந்து வைத்து, மாலை நேரத்து நீர்ப்பாய்ச்சலைத் தவிர்த்தல் நன்று.

பசளையும் மருந்தும்

ஈர மண்ணின் மேல் வீசப்பட்ட யூரியாவின் ஒரு பகுதி கடும் வெப்பத்தில் அமோனியா வாயுவாகக் காற்றிற் கலந்துவிடும். பெருமழை பெய்யின் எஞ்சிய பகுதி வரம்பைக் கடந்து ஓடிவிடும். எனவே, நீரை மெல்லியதாக வடித்து, கடவைகளை அடைத்து, தெளிந்த காலையில் யூரியா இட்டு மண்ணோடு கலத்தல் வேண்டும். தோட்டப் பயிருக்கு வேரோரத்தில் இட்டு மண்ணால் மூடுதல் வேண்டும். மின்னலும் காற்றிலுள்ள நைதரசனை மழையுடன் மண்ணுக்குக் கொண்டு வருகின்றது. எனினும் அது எக்டயருக்கு ஆண்டொன்றில் சில கிலோகிராம் மாத்திரமே. இடிமழையை நம்பிப் பசளையைக் குறைத்தல் தகாது.

மருந்து தெளித்தபின் விரைவில் மழை பெய்தால் மருந்தும் கூலியும் வீண். நண்பகல் வெயிலிற் தெளிப்பின் இலை கருகும். வியர்த்த உடலில் நஞ்சும் எளிதிற் புகும். காற்றில்லாத காலைப்பொழுதே ஏற்றது. சூடும் ஈரமும் மிகுந்து, பயிர் அடர்ந்து, யூரியாவும் கூடிய வயலிலேயே அறக்கொட்டியான் பெருகும். பயிரின் அடியைத் தட்டிப் பார்த்து அதனைக் கண்டறிந்த பின்னரே மருந்தைப்பற்றி நினைத்தல் வேண்டும். கண்டபடி தெளிப்பதால் அதனை உண்ணும் சிலந்திகள் அழிந்து, பூச்சி முன்னையிலும் பெருகும்.

பெய்த மழையை அளத்தல்

பெருமழையெனத் தோன்றியது பயிருக்குப் போதியதா என்பதை அளவினாலேயே அறியலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு தகரப் பேணியை மரநிழலில்லாத இடத்தில் நிறுத்தி, மழை விட்டதும் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளக்கலாம். ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 இலீற்றர் நீராகும். 25 மில்லிமீற்றர் பெய்யின் ஏறத்தாழ ஓர் இலட்சம் இலீற்றர். வெயிற் காலத்தில் நன்கு வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரைச் செலவிடும். ஆகவே, அம்மழை முழுவதும் மண்ணிற் சுவறினால் ஐந்து நாள் இறைப்பு மீதமாகும்.

ஆயினும் எல்லா மண்ணும் ஒரே அளவில் நீரை உறிஞ்சாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் மழையை விரைவில் உள்வாங்கும். வன்னியின் செங்கபில மண் காய்ந்து இறுகியிருப்பின் பெரும்பகுதி மேலே ஓடிவிடும். அந்நிலத்தில் மழைக்கு முன் மேல்மண்ணைக் கொத்திவிடல் பயனுடையது. மழைக்கு மறுநாள் ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருக்கின்றதா எனப் பார்த்தே இறைப்பைத் தள்ளிப்போடல் வேண்டும்.

களத்திலும் முற்றத்திலும் உள்ள விளைபொருள்

நனைந்த நெற்குவியல் ஓரிரு நாளில் உள்ளே சூடேறி நிறம் மாறும், விலை குறையும். காய விரித்த நெல்லை நண்பகலிலேயே குவித்துப் படங்கினால் மூடி, குவியலைச் சுற்றி நீரோடக் கான் வெட்டுதல் வேண்டும். மழை விட்டதும் படங்கை நீக்கிக் கிளறிவிடாவிடின் நெல் புழுங்கிவிடும். களஞ்சியத்துக்குச் செல்லும் நெல்லின் ஈரம் 14 வீதத்துக்கு மேற்படலாகாது. செத்தல் மிளகாய் ஒருமுறை நனைந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் உண்போருக்கு நஞ்சாவன. வெண்காயத்தை நிழலில், காற்றோட்டமுள்ள கொட்டிலிற் பிடிகளாகக் கட்டித் தொங்கவிடல் வேண்டும்.

உழைப்பவரின் உயிர்

இழந்த விதையை மீண்டும் வாங்கலாம். இழந்த உயிரை மீட்க இயலாது. இலங்கையில் இடிமின்னல் மிகுதியாக நிகழ்வது சித்திரை மாதத்தை அண்டியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலுமேயாகும். அவ்வேளைகளில் வெட்டவெளியான வயலில் நிற்கும் மனிதனே அங்கு உயர்ந்த பொருளாகின்றான்.

மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை செக்கன்களை எண்ணுதல் வேண்டும். மூன்று செக்கன் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தைக் குறிக்கும். எண்ணிக்கை 30 ஐ விடக் குறையின் உடனே வயலை விட்டு வெளியேற வேண்டும். மழை விழத் தொடங்கும்வரை காத்திருத்தல் ஆபத்தானது. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றர் அப்பாலும் மின்னல் விழுதல் உண்டு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் வயலில் இறங்கலாம்.

சுவருள்ள வீடும், மூடிய இரும்புக் கூரையுள்ள வாகனமும் பாதுகாப்பானவை. தனித்த பனை, தென்னை, புளி முதலியவற்றின் அடியும், வயற் காவற் கொட்டிலும், கூரையற்ற உழவு இயந்திரமும் பாதுகாப்பளியா. முட்கம்பி வேலியைத் தொடலாகாது. தூரத்தில் விழும் மின்னலும் கம்பி வழியே வரும். மின்சார நீரிறைக்கும் இயந்திரத்தை இடி தொடங்குமுன்பே நிறுத்தி, இடி ஓயும்வரை அதனையும் இரும்புக் குழாயையும் தொடாதிருத்தல் வேண்டும். ஓடி ஒதுங்க இடமில்லாதவர் நீரிலிருந்து வரம்பேறி, மண்வெட்டியைக் கீழே வைத்து, இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருத்தல் வேண்டும்; படுத்தல் கூடாது. கூட்டமாக வேலை செய்வோர் ஒருவரைவிட்டு ஒருவர் விலகியிருத்தல் நன்று.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் தமக்கும் தீங்கு வருமென அஞ்சிப் பலர் விலகி நிற்பதுண்டு. அவருடலில் மின்சாரம் தங்கியிராது. மூச்சும் நாடியும் நின்றிருப்பின் மார்பை நடுவில் அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவியை அக்கணமே தொடங்கி, 1990 இலக்கத்துக்கு அழைத்தல் வேண்டும். தாமதமின்றி உதவினால் பிழைப்பவர் பலர்.

வெப்பமும் உயிரைக் கவரும். தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் அருந்தல் வேண்டும். தலையிடி, மயக்கம், தசைப்பிடிப்பு என்பன தோன்றின் வேலையை நிறுத்தி நிழலை அடைதல் வேண்டும். உடல் நெருப்பாகச் சுட்டு, பேச்சுத் தடுமாறுமாயின் அது வெப்பத்தாக்கு. உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறி, விரைந்து வைத்தியசாலை சேர்ப்பித்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கடின வேலையை முற்பகல் 10 மணிக்குள் முடித்தல்.

2. நண்பகலில் வானத்தைப் பார்த்துப் பின்னேரத்துக்கு ஆயத்தஞ் செய்தல்.

3. விதைப்புக்கு முன் மழைநீரைத் தேக்குதல். விதைத்த வாரத்தில் வடித்தல்.

4. வாடிய பயிருக்கு நீர் பாய்ச்சுமுன் மண்ணைத் தொட்டுப் பார்த்தல்.

5. யூரியாவும் மருந்தும் தெளிந்த காலையில் மாத்திரம் இடுதல்.

6. பெய்த மழையைப் பேணியில் அளந்து இறைப்பைத் தீர்மானித்தல்.

7. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கன் இல்லையெனின் வயலை விட்டு நீங்குதல்.

பயிர் பற்றிய ஐயங்களுக்கு அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரையோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தையோ நாடலாம்.